லிப்னாவில் ஓர் அடியில்லாத பெட்டி

வனாந்தரப் பயணத்தில் தாண் கோத்திரத்தார் எப்போதும் கடைசியில்தான் நடப்பார்கள். முன்னால் போகிற கோத்திரங்களின் புழுதியையெல்லாம் தின்றுகொண்டு நடப்பது ஒரு கஷ்டம். அவர்கள் தவறவிட்டுப் போனதையெல்லாம் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டு நடப்பது இன்னொரு கஷ்டம். முதல் கஷ்டத்தை ரேயுமாள் மற்றவர்களைப்போலவே முணுமுணுத்துக்கொண்டு பொறுத்தாள். இரண்டாவதை அவள் கஷ்டமாக நினைத்ததே இல்லை.

என்னவெல்லாமோ கிடைக்கும். ஒற்றைச் செருப்பு, திரிகையின் கைப்பிடி, கூடாரத்து முளை, கால் நொண்டும் ஆட்டுக்குட்டி. ஒருமுறை கழுதை முதுகிலிருந்து சாக்கோடு நழுவி விழுந்து, விழுந்ததுகூடத் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை கிடைத்தது. முன்னால் வழிகாட்டிப் போகிற மேகம் நின்று பாளயம் இறங்கியதும் ரேயுமாள் தன் கூடார வாசலில் ஒரு பழுப்புக் கம்பளியை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைப்பாள். தொலைத்தவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். பொருளைத் தொடுவதற்கு முன்னால் அதில் உள்ள ஓர் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் கொடுத்துவிட வேண்டும். அதற்குமேல் கேள்வி கிடையாது.

அடையாளம் சொல்வது லேசான காரியமில்லை. எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு வந்த நாள்முதல் அந்த ஜனத்தில் ஒருவர் செருப்பும் தேயவில்லை, ஒருவர் துணியும் நையவில்லை. தேயாத செருப்புக்கு என்ன அடையாளம் சொல்வது? வாரில் எங்கே முடிச்சு, தைத்த நூல் எந்தப் பக்கம் பிசிறு என்று கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார்கள்.

அவர்கள் யோசிக்கிற அந்த நேரம்தான் ரேயுமாளுக்குப் பிடிக்கும். சீப்பைத் தேடி வந்தவள், அதன் பல் எப்படி உடைந்தது என்பதில் தொடங்கி நாத்தனாரோடு போட்ட சண்டைவரை சொல்லிவிட்டுப் போவாள். ரேயுமாள் கூச்சக்காரி. தண்ணீர் மொள்ளப் போகிற இடத்தில் நாலு பேர் நின்றால் ஐந்தாவதாகப் போய் நிற்கத் தயங்குவாள். ஆனால் கம்பளிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் பாளயம் முழுவதும் அவளைத் தேடி வந்தது. ஐம்பதுபேர் தலைவன் யொக்லி அந்தக் கம்பளியை அவள் கையில் கொடுத்த நாளைத் தன் கல்யாண நாளைவிட நன்றாக அவள் நினைவில் வைத்திருந்தாள்.

ரிம்மோன்பேரேசிலிருந்து லிப்னாவுக்கு வருகிற வழியில், ஒரு முட்புதரின் ஓரத்தில், அது கிடந்தது.

நான்கு மரச்சட்டங்களைச் சேர்த்துச் செய்த நீளவாட்டமான பெட்டி. மேலே மூடி இல்லை. கீழே அடியும் இல்லை. ஒரு பக்கத்துச் சட்டம் மட்டும் நீண்டு, கையால் பிடிக்க வாகாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மரம் கறுத்து, உள்பக்கம் வழவழவென்று இருந்தது. ரேயுமாள் அதைத் தூக்கி அதன் வழியாக வானத்தைப் பார்த்தாள். மேகம் அதற்குள் நாலு மூலையோடு தெரிந்தது.

"உடைஞ்ச பெட்டி," என்றான் கூட நடந்து வந்த கொழுந்தன் புக்கி.

"உடையலை. அடின்னு ஒண்ணு இருந்த தடமே இல்லை, பாரு."

"அப்போ செஞ்சவன் பாதியில செத்துப்போயிருப்பான். தூக்கிட்டு வாங்க மதினி, நல்ல மரம். முளை செதுக்கலாம்."

"ஆளு வந்து கேட்டா?"

"அடியில்லாத பெட்டியைத் தேடிக்கிட்டு ஒருத்தன் வந்தா, அவனுக்கு முதல்ல நாம புத்தியைத் தேடிக் குடுக்கணும்."

லிப்னா வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணைக் கூசவைக்கிற வெண்மண். தண்ணீர் நிரப்பிய தோல்துருத்தி கசிந்த இடத்தில் மட்டும் மண் கருஞ்சாம்பல் நிறமாகிக் குழைந்து, காலில் அப்பிக்கொண்டு விடமாட்டேன் என்றது. பிள்ளைகள் அதை உருண்டை பிடித்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள்.

கம்பளியில் இருந்த மற்றவையெல்லாம் அன்றைக்கே உரியவர்களிடம் போய்விட்டன. பெட்டி மட்டும் கிடந்தது. அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. வனாந்தரத்தில் பிறந்து, விடியலில் வானத்திலிருந்து விழுகிற மன்னாவைத் தின்று வளர்ந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"மன்னா சலிக்கிறது. சல்லடை பிஞ்சு விழுந்துடுச்சு."

"இல்லவே இல்லை. ஆட்டுக்குட்டி கழுத்துல மாட்டுறது. திருட்டுப்பால் குடிக்காம இருக்கிறதுக்கு."

"எந்த ஆட்டுக்குட்டிக்குடா கழுத்து இவ்வளவு அகலம்? உன் தலையை விட்டுப் பாரு, நீயும் திருட்டுப்பால் குடிக்கிறவன்தான்."

புக்கி பெட்டியைக் கம்பளியில் நிமிர்த்தி வைத்து, அதன் விளிம்பில் உள்ளங்கையை ஓட்டினான். அவன் முகம் மாறியது. "மதினி, இது அளவு," என்றான்.

"என்ன அளவு?"

"ஓமர். ஆளுக்கு ஒரு நாள் மன்னா அளக்கிற அளவு. ஆனா அடி இல்லாத அளவு. புரியலையா? கம்பளியில வெச்சு நிறைக்கிற மாதிரி நிறைச்சுக் காட்டி, தூக்கும்போது அடியில வழிச்சு எடுத்துக்கலாம். இது திருட்டு அளவு!"

"மன்னாவுல யாரு யாரை ஏமாத்த முடியும்? கூட எடுத்தாலும் மிஞ்சாது, குறைச்சு எடுத்தாலும் குறையாது. ராத்திரி வெச்சா புழு."

"அதெல்லாம் தெரியாது. அடி இல்லாத அளவை நேர்மையானவன் எதுக்கு வெச்சிருக்கான்?"

பொழுது சாய்வதற்குள் தாண் கூடாரங்களில் மட்டுமல்ல, பக்கத்தில் இறங்கியிருந்த நப்தலி, ஆசேர் கூடாரங்களிலும் 'திருட்டு அளவு' என்ற பேச்சு பரவிவிட்டது.

வயதானவர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். ஒரு கிழவர் வந்து பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் துடைத்துக்கொண்டார், கையில் எதுவும் இல்லாமலே. "ஐயா, இது என்ன?" என்று ரேயுமாள் கேட்டு முடிப்பதற்குள் நடையைக் கட்டினார். இன்னொருத்தி பார்த்ததும் காறித் துப்பினாள். பெட்டியின்மேல் துப்பவில்லை, அதன் பக்கத்தில். துப்புகிற அளவுக்கு ஒரு பெட்டி என்ன செய்திருக்கும்?

மாமியார் அசுபாள் கூடாரத்துக்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே, உங்களுக்குத் தெரியும்தானே?"

"என்னது?"

"அது."

"எது?"

"நீங்க பார்க்காம திரும்பி உக்காந்திருக்கீங்களே, அது."

"மரம். வெச்சா இருக்கும், எரிச்சா எரியும். போய் அடுப்பைப் பாரு."

"ஒரு வார்த்தை அத்தே. ஒரே வார்த்தை. பேரு மட்டும்."

அசுபாள் திரும்பினாள். எப்போதும் ஏதாவது ஒரு கேலியை நாக்கின் நுனியில் வைத்திருப்பவள், அப்போது வைத்திருக்கவில்லை. "அந்த வார்த்தையை இந்தக் கூடாரத்துக்குள்ள பேசமாட்டேன்னு உன் மாமனாருக்குச் சொல்லியிருக்கேன். அவரு செத்தாலும் நான் சொன்னது சாகலை. நொய்நொய்ங்காதே."

மறுநாள் விடியற்காலம் பனியோடு மன்னா விழுந்து கிடந்தது. ஆணும் பெண்ணும் கூடையோடு போய்விட்டார்கள். கம்பளியைக் காக்க வேண்டியிருந்ததால் ரேயுமாளின் பங்கையும் அசுபாளே பொறுக்கப் போனாள். ரேயுமாள் பெட்டியைக் குப்புறப் போட்டாள், நிமிர்த்தினாள், காதில் வைத்துக்கூடக் கேட்டாள். தலைநிமிர்ந்தபோது ஒரு பெண் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

நாற்பது தாண்டியிருக்கும். கையும் காலும் தடித்த, முகத்தில் சிரிப்பு என்பதே இல்லாத பெண். நடையைப் பார்த்தால் அவசரம், நின்றதைப் பார்த்தால் தயக்கம்.

"நான் நப்தலி. பேரு ஆதாள். அது என்னுது."

"அடையாளம் சொல்லுங்க, அக்கா."

"உள்பக்கம், பிடிக்குப் பக்கத்து மூலையில, பல்லுத் தடம் இருக்கும். நாலு பல்லு. சின்னப் பிள்ளைப் பல்லு."

ரேயுமாள் பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இத்தனை நேரம் தடவித் தடவிப் பார்த்தும் அவள் கண்ணில் படாதது, அங்கேயே இருந்தது. நான்கு சிறிய பள்ளங்கள், பிறை மாதிரி. அவளுடைய கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. யார் கடித்தது? எதற்குக் கடித்தது?

"சரியா?" என்றாள் ஆதாள்.

"சரிதான்."

"அப்போ குடு."

வழக்கம் அதுதான். அடையாளம் சரி என்றால் கொடுத்துவிட வேண்டும். ரேயுமாளின் கை பெட்டியை நீட்டவும் செய்தது. ஆனால் விரல்கள் விடவில்லை.

"அக்கா, இது என்னது?"

"என்னுது."

"அது இல்ல. இது எதுக்கு?"

ஆதாள் அக்கம்பக்கம் பார்த்தாள். "அடையாளம் கேட்டே, சொல்லிட்டேன். அதுக்குமேல என்ன?"

"எல்லாரும் திருட்டு அளவுங்கிறாங்க. நீங்க இல்லைன்னு சொல்லுங்க, போதும். என்னன்னு ஒரு வார்த்தை."

"அதுக்குத்தான் ஆளில்லாத நேரம் பார்த்து வந்தேன். அளவுங்கிறவன் அளவுன்னே நினைச்சுக்கட்டும். நீ குடு, புள்ளே. கூடையோட எல்லாரும் வந்துடுவாங்க."

ரேயுமாள் அதுவரை கம்பளியில் உட்கார்ந்து ஒரு பொய்யும் சொன்னதில்லை. இப்போது அது தானாக வந்தது. "என்னன்னு கேட்டுட்டுத்தான் குடுக்கணும்னு யொக்லி ஐயா சொல்லியிருக்காரு."

ஆதாள் அவளை உற்றுப் பார்த்தாள். பொய் என்று தெரிந்துகொண்ட பார்வை. சண்டை போடுவாள் என்று ரேயுமாள் எதிர்பார்த்தாள்; திட்டு வாங்கிக்கொள்ளத் தோளைக்கூடக் குறுக்கிக்கொண்டாள். ஆதாள் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டு, வந்த அவசரத்தோடே போய்விட்டாள். வெள்ளை மண்ணில் அவளுடைய காலடித் தடங்கள் வரிசையாக நப்தலிக் கூடாரங்கள் வரைக்கும் தெரிந்தன. எழுந்து ஓடினால் பிடித்துவிடலாம். ரேயுமாள் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை புக்கி யொக்லியைக் கூட்டிக்கொண்டு வந்தான். யொக்லியும் வனாந்தரத்தில் பிறந்தவன்தான். பெரியவர்கள் ஒவ்வொருவராக வழியோர மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்ததால், தாடி நன்றாக அடர்வதற்கு முன்பே ஐம்பது பேருக்குத் தலைவனானவன். அதனாலேயே எல்லாவற்றையும் மிக மெதுவாகச் செய்வான்.

"அளவா இல்லையான்னு அளந்து பார்த்தா தெரிஞ்சுபோகும்," என்றான். "காலையில மன்னா வரட்டும்."

"யாராவது அடையாளம் சொன்னாங்களா?" என்று ரேயுமாளைக் கேட்டான். அவள் கம்பளியின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "மதினி எங்க பேசப்போறாங்க," என்று புக்கி சிரித்தான். யொக்லியும் சிரித்தான். கேள்வி அப்படியே போய்விட்டது.

மறுநாள் காலையில் தாண் கூடாரங்களின் நடுவே ஒரு துணியை விரித்தார்கள். யொக்லி தன்னுடைய ஓமரால் ஓர் ஆளுக்கான மன்னாவை அளந்தான். பெட்டியைத் துணிமேல் வைத்தார்கள். புக்கி மன்னாவை அதற்குள் கொட்டினான். கொத்துமல்லி விதைபோல உருண்டோடிய மணிகள் நாலு மூலைக்கும் பரவின. யொக்லி ஒரு குச்சியால் மேலே வழித்தான்.

ஒரு மணிகூட வழிந்து விழவில்லை. ஒரு மணி இடம்கூடக் காலியாக இல்லை.

"சரியா ஒரு ஓமர்!" என்றான் யொக்லி.

"சரியா ஒரு ஓமர்!" என்றது கூட்டம்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அசுபாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா அறிவுகெட்டவங்களா, மன்னாவை எதுல கொட்டினாலும் அளவாத்தான்டா நிக்கும்! என் செருப்புல கொட்டிப் பாரு, அதுவும் ஒரு ஓமர்தான். புக்கி மண்டைக்குள்ள கொட்டிப் பாரு, அங்க இடம் நிறைய இருக்கு, அப்பவும் ஒரு ஓமர்தான்!"

சிலர் சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கண்ணால் பார்த்தாயிற்று, இது திருட்டு அளவு இல்லை, நல்ல அளவு. கவிழ்க்கவே தேவையில்லாத அளவு. கம்பளியில் வைத்து நிறைத்துத் தூக்கினால் போதும், மன்னா தானாக இறங்கிவிடும். நேற்றுவரை ஒருவரும் தொடாத பெட்டிக்கு ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் மூன்று சொந்தக்காரர்கள் முளைத்தார்கள்.

"இது எங்க அப்பாவோடது," என்றான் ஒருவன்.

"உங்க அப்பா உளறிக்கிட்டே இருந்தாரே தவிர எதையும் அளந்ததா நான் பார்க்கலை. இது எங்க சின்னம்மாவோடது."

"அடையாளம்?" என்றான் யொக்லி.

"பிடியில ஒரு விரிசல்."

யொக்லி ரேயுமாளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"மரத்துல ஒரு கண்ணு."

இல்லை.

"கறுப்பா இருக்கும்," என்றான் மூன்றாமவன். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. "நீயும்தான் கறுப்பா இருக்கே, உன்னையும் யாராவது தொலைச்சுட்டாங்களா?"

யொக்லி பெட்டியைத் தன் கைக்குள் இடுக்கிக்கொண்டான். "அடையாளம் சொல்ல ஆளில்லை. இனிமே இது நம்ம ஐம்பது பேருக்கும் பொது அளவு. என் கூடாரத்துல இருக்கும்."

ரேயுமாளுக்குத் தெரிந்தது, வாயைத் திறக்காவிட்டால் எதுவும் ஆகாது. பெட்டி யொக்லியின் கூடாரத்தில் இருக்கும். கம்பளி அவளிடம் இருக்கும். தொலைத்தவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், கண்ணை மூடி யோசிப்பார்கள், கதை சொல்வார்கள். வாயைத் திறந்தால் அது அத்தனையும் போய்விடும். அவளுக்கு இருந்தது அந்தக் கம்பளி ஒன்றுதான். கட்டைவிரல் நுனியில் அந்த நாலு பள்ளங்களும் இன்னும் இருப்பதுபோல உறுத்தியது.

"ஆள் இருக்கு," என்றாள்.

அவள் குரல் அவ்வளவு மெதுவாக இருந்ததால் யொக்லிக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற புக்கிக்குத்தான் கேட்டது. "என்ன மதினி?"

"ஆள் இருக்கு. நேத்துக் காலையிலேயே வந்து அடையாளம் சொல்லிட்டாங்க. உள்பக்கம் மூலையில, பிள்ளைப் பல்லுத் தடம்."

யொக்லி பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். கூட்டத்தின் தலைகள் எல்லாம் ஒன்றாகக் குனிந்தன.

"சரியா சொன்னாங்கன்னா ஏன் குடுக்கலை?"

"அது என்னன்னு கேட்டேன். அவங்க சொல்லலை. நீங்க விசாரிக்கச் சொன்னதா பொய் சொல்லி அனுப்பிட்டேன்."

"நான் எப்போ சொன்னேன்?"

"நீங்க சொல்லலை. எனக்கு அது என்னன்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று ரேயுமாள் நினைத்தாள். யொக்லி வழக்கம்போல மெதுவாக யோசித்தான். பிறகு சொன்னான்: "அடுத்தவங்க பொருளைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, வாயைத் திறந்தாத்தான் குடுப்பேன்னு சொல்றதுக்கா அந்தக் கம்பளி? அதைப் புக்கி பொண்டாட்டிகிட்டக் குடுத்துடு."

புக்கியின் மனைவி சேராள் திடுக்கிட்டுப்போய் "நானா? எனக்கு எதுக்கு இந்தத் தொல்லை!" என்றாள். ஆனாலும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ரேயுமாள் மடித்துக் கொடுத்தபோது கம்பளி எப்போதையும்விடக் கனமாக இருந்தது.

"பெட்டியை நீயே கொண்டுபோய்க் குடு," என்றான் யொக்லி. "அவங்களை இங்க நடக்க வைக்காதே."

போகிற வழியில் அசுபாள் பின்னாலேயே வந்தாள். "வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன். திறந்தா இவ்வளவு பெரிசா திறக்கிறே," என்றாள். ரேயுமாள் அழுதுவிடுவாள்போல இருந்ததைப் பார்த்து, மருமகளின் முக்காட்டை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆதாள் தன் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து மன்னாவைத் திரிகையில் அரைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் திரிகை நின்றது. ரேயுமாள் அதை இரண்டு கையாலும் நீட்டினாள். "இந்தாங்க அக்கா. நேத்தே குடுத்திருக்கணும். தப்பு என்மேல."

ஆதாள் வாங்கி, மூலையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். ரேயுமாள் வைத்த அதே இடத்தில். "திருட்டு அளவுன்னாங்களே?"

"இன்னைக்கு நல்ல அளவுன்னு ஆயிடுச்சு. மன்னாவைக் கொட்டிப் பார்த்தாங்க."

"எதுக்குள்ள? இதுக்குள்ளயா?"

"சரியா ஒரு ஓமர்."

ஆதாளின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பு வருகிற வழி மறந்துபோயிருந்தவள்போல முதலில் மூக்கில் வந்தது, பிறகுதான் வாயில். ரேயுமாள் திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

"ஏ புள்ளே. கேக்கலையா?"

"இல்லக்கா."

"உன் வாய் கேக்கலை. உன் முதுகு கேக்குதே. கம்பளியை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?"

"வாங்கிட்டாங்க."

ஆதாள் திரிகையை ஓரமாகத் தள்ளினாள். பிறகு எழுந்து மாவைத் தட்டிவிட்டாள். "அந்தத் துருத்தியை எடு. தண்ணி இருக்கான்னு பாரு."

கூடாரங்களைத் தாண்டி, மண் மிகவும் வெளுத்திருந்த இடத்துக்குப் போனார்கள். ஆதாள் கையால் பள்ளம் பறித்துத் தண்ணீரை ஊற்றினாள். மண் கறுத்தது. உதிர்ந்து கிடந்த ஆட்டு மயிரைப் பிய்த்துப் போட்டாள். "வைக்கோல்தான் போடணும். வைக்கோலை இங்க எங்க தேடுறது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு காலால் மிதித்தாள். மிதிக்கும்போது அவளுடைய தடித்த உடம்பு வேறு யாருடைய உடம்போபோல லேசாகிவிட்டது. பெட்டியின் உள்பக்கத்தை நனைத்து, காய்ந்த புழுதியைத் தூவி, தரையில் வைத்தாள். மண்ணை அள்ளி அடித்தாள். மூலைகளில் விரலால் அழுத்தினாள். மேலே உள்ளங்கையால் ஒரே வழி வழித்தாள். பிடியைப் பிடித்து நேராக மேலே தூக்கினாள்.

ரேயுமாள் ஓரடி முன்னால் வந்தாள்.

அவள் பார்த்த உலகத்தில் எல்லாமே தொங்கும், சரியும், உருளும். கூடாரம் தொய்யும். மலை சரிவாக இறங்கும். அடை வட்டமாக வரும். மண் என்றால் அது கொட்டுகிற பொருள், கையில் நிற்காத பொருள். இங்கே மண் தானாக நின்றது. நாலு மூலையோடு, நேரான விளிம்போடு, எந்தத் துணியும் கழியும் பிடித்துக்கொள்ளாமல்.

"இதுக்குப் பேரு கல்லு. செங்கல். நாங்க எகிப்துல இதைத்தான் அறுத்தோம்," என்றாள் ஆதாள். "அச்சு எங்க அப்பாவோடது. பல்லு என்னோடது. பசிச்சா எதையாவது கடிப்பேனாம்."

"இது எதுக்குக்கா?"

"சுவர் கட்டுறதுக்கு. அரசனோட களஞ்சியத்துக்கு."

"அது அங்க. இது எதுக்கு?"

ஆதாள் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் விரலாக, நகத்தடி விடாமல், அவசரமே இல்லாமல். "எதுக்கும் இல்லை."

ரேயுமாள் கல்லைச் சுற்றி வந்தாள்.

"அங்க பொழுது சாயறதுக்குள்ள இத்தனைன்னு எண்ணிக்கை உண்டு. குறைஞ்சா அப்பா முதுகுல பிரம்பு. ஒண்ணைத் தூக்கி வெச்சா அடுத்ததுக்கு ஓடணும். ஒண்ணு நல்லா வந்திருக்கேன்னு நின்னு பார்க்க முடியாது. அந்த வயசுல எனக்கு ஒரே ஆசை. ஒண்ணே ஒண்ணு செஞ்சுட்டு, போதும்னு கையைக் கழுவணும். வெளிய வந்த பிறகு செஞ்சு பார்த்தேன். அதுல ஒரு ருசி இருக்கு, சொன்னா உனக்குப் புரியாது. அதனால இறங்கின இடத்துலெல்லாம் ஒண்ணு. ஒண்ணோட சரி."

"ஏன் அக்கா மறைச்சு?"

"பார்த்தா என்ன சொல்வாங்க? அடிமைவேலைக்கு ஏங்குறா, எகிப்துக்குத் திரும்பிப்போகத் துடிக்கிறான்னு சொல்வாங்க. பெரியவங்க பார்த்தாலே கையைத் துடைச்சுக்கிறாங்க. எப்படி விளக்குறது?"

ரேயுமாளின் விரல்கள் ஈர மண்ணின் பக்கம் போயின. "நான் ஒண்ணு செய்யட்டுமா?"

"நாளைக்கு. இன்னைக்கு ஒண்ணு ஆயிடுச்சு."

"இது எப்போ காயும்?"

ஆதாள் ஈரக் கையை உதறினாள். "தெரியலை."

"இவ்வளவு கல்லு செஞ்சீங்களே!"

"காஞ்ச கல்லை மலைமலையா பார்த்திருக்கேன். காயறதைப் பார்த்ததில்லை. அங்க அடுத்ததுக்குத் திரும்பிடுவேன். இங்க செஞ்ச உடனே ஓடிப்போயிடுவேன், யாராவது பார்த்துடுவாங்கன்னு." அவள் கூடாரங்களின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மூன்று பேர் நின்று இவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் புக்கியும் இருந்தான். ஆதாள் ஓடாமல் அந்த வெள்ளை மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரேயுமாளும் உட்கார்ந்தாள். கல் கருஞ்சாம்பல் நிறத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"முதல்ல எது வெளுக்கும்? மூலையா, நடுவா?" என்றாள் ரேயுமாள்.

"நடுதான். வெயில் நேரா அங்கதானே விழுது."

"மூலைன்னு நினைக்கிறேன். மூலைக்கு மூணு பக்கமும் காத்து."

"நடு."

"பார்க்கலாமா?"

"பார்க்கத்தானே உக்காந்திருக்கோம். நிழல் விழுது, தலையைத் தள்ளி வெச்சுக்கோ," என்றாள் ஆதாள்.

ரேயுமாள் தலையைத் தள்ளி வைத்துக்கொண்டாள். பிறகு அதுவும் போதாமல், கன்னம் மண்ணில் படக் குனிந்து, கல்லின் விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.